கரும்பலகை முன் இருபது நிமிடம்

அத்தியாயம் 5: முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணல்

எம்.எஸ்சி. முடித்த ஆண்டு நான் போன முதல் ஆராய்ச்சி நேர்காணல் பதினைந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. முதுகலைத் திட்டப்பணியில் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைத் தயாரித்திருந்தேன். செய்முறையை ஒப்பித்தேன்: கரைசல், ஜெல், உலர்த்துதல், பிறகு உலையில் 500 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். மேசையின் ஓரத்தில் இருந்த பேராசிரியர் கேட்டார்: "ஏன் 500? 400 போதாதா?" "எங்க லேப்ல எல்லாரும் 500-லதான் சார் வைப்பாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிப்பா" என்று சொல்லித் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் மரியாதைக்காகக் கேட்கப்பட்டவை என்பது எனக்கே புரிந்தது.

அந்தக் கேள்விக்கான விடை என் திட்ட அறிக்கைக்குள்ளேயே இருந்தது. மாதிரியைச் சூடேற்றும்போது அதன் எடை எங்கே குறைகிறது, எந்த வெப்பநிலைக்கு மேல் குறைவது நிற்கிறது என்று காட்டும் நிறை இழப்பு வரைபடத்தை நானே அதில் ஒட்டியிருந்தேன். கரிமப் பொருள் முழுக்க எரிந்து வெளியேறும் இடம் அந்தக் கோட்டில் தெளிவாகத் தெரியும். உலையை அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். அளவுக்கு மீறிச் சூடேற்றினால் துகள்கள் பருத்துவிடும். இவ்வளவுதான் விடை. படத்தை ஒட்டினேனே தவிர, அதை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

பிறகு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகள் கேள்வி கேட்டிருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு வந்து திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் கடினமான கேள்வியில் விழவில்லை. தாங்களே செய்த வேலையைப் பற்றிய எளிய "ஏன்" ஒன்றில்தான் விழுந்தார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லப்போகிறேன்: கொஞ்சமாக இருந்தாலும், உங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நிலம் வேண்டும். நேர்காணலை அந்த நிலத்தில் நடத்துங்கள்.

குழு எதைத் தேடுகிறது?

தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, பட்டியலில் பெயர் வந்த பிறகும் எதற்கு நேர்காணல்? பாடம் தெரியுமா என்பதை எழுத்துத் தேர்வே ஓரளவு சொல்லிவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வு பாடம் படிக்கும் வேலை இல்லை. நான்கைந்து ஆண்டுகள், விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்தும் வேலை. கருவி பழுதாகும். முடிவு தலைகீழாக வரும். ஓலைச்சுவடியின் அந்த ஒரு ஏடு மட்டும் கிடைக்காது. அப்படி ஒரு நாளில் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதைத்தான் குழு இருபது நிமிடத்தில் ஊகிக்கப் பார்க்கிறது.

அதனால்தான் நல்ல குழு உங்களைத் தெரிந்த இடத்திலேயே நிற்க விடாது. முதல் கேள்வி எளிதாக இருக்கும். அடுத்தது சற்று உள்ளே போகும். மூன்றாவது, நான்காவது கேள்வியில் உங்கள் அறிவின் வரப்பு வந்துவிடும். அங்கே நீங்கள் தடுமாறுவீர்கள். தடுமாறத்தான் வேண்டும், கேள்வி அதற்காகவே அப்படிப் போகிறது. "எல்லாம் தப்பாப் போச்சு" என்று வெளியே வந்து அழுதவர்கள் பட்டியலில் இடம்பெற்றதையும், "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்" என்று சிரித்தபடி வந்தவர்கள் விடுபட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எந்த வாசல் உங்களுடையது?

ஆராய்ச்சி நேர்காணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வாசல், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிமுறைகளைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்கள். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு நடத்தினால், அதில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியலிலிருந்தும் பாதி உங்கள் பாடத்திலிருந்தும் வரும். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது மதிப்பெண் பங்கீடு.

2024 ஜூன் நெட் தேர்விலிருந்து இன்னொரு மாற்றம் வந்தது. நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி பெற்றவர்கள், உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் தகுதி பெற்றவர்கள், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள். பின்னிரு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் உண்டு. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். ஆகவே முடிவு வந்த கையோடு விண்ணப்பத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாசல், ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள். கேட் மதிப்பெண்ணோ நெட் தகுதியோ இருந்தால் அழைப்பு வரும். அன்று காலையிலேயே சிறு எழுத்துத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை மட்டும் பிற்பகல் நேர்காணலுக்கு உட்கார வைக்கும் துறைகளும் உண்டு. தூரத்து ஊரிலிருந்து வருபவர்கள் ஒருநாள் முன்பே வந்துவிடுவது நல்லது. இயற்பியலுக்கு, சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்ட பல ஆய்வு நிறுவனங்கள் ஜெஸ்ட் தேர்வு வழியாக அழைக்கின்றன. இத்தகைய இடங்களில் நேர்காணல் ஒரு மணி நேரம்கூடப் போகலாம். சாக்பீஸைக் கையில் கொடுத்துக் கரும்பலகை முன் நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது, ஒரு பேராசிரியர் வாங்கியிருக்கும் ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். அல்லது திட்ட உதவியாளர் பணி. விளம்பரம் வரும், நேரடி நேர்காணல் நடக்கும். இதை நெட் வழியாக வரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். "இந்தத் திட்டத்தில் இருந்துகொண்டே பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய முடியுமா சார்?" என்ற கேள்வியை நேர்காணலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நெறியாளருக்கு எழுதும் கடிதம்

மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நெறியாளரின் சம்மதம் முதலில் வேண்டும். நாம் வழக்கில் 'கைடு' என்கிறோம். விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆய்வாளர்களை எடுக்க முடியாது. "இடம் இல்லம்மா" என்று ஒருவர் சொன்னால் உண்மையிலேயே இடம் இல்லாமல் இருக்கலாம். மனம் தளராமல் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

எப்படி எழுதுவது? நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த சீனிவாச ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம். தான் யார், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். பிறகு, ஹார்டி எழுதிய 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறுநூலின் 36-ம் பக்கத்தைக் குறிப்பிட்டார். ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைத் தரும் திட்டவட்டமான கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று அங்கே சொல்லப்பட்டிருந்தது. உண்மை மதிப்புக்கு மிக நெருங்கி வரும் கோவை ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லித் தன் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார்.

ராமானுஜனின் மேதைமை நமக்கு இல்லை. அந்தக் கடிதத்தின் கட்டமைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஹார்டியைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதவில்லை. ஹார்டி எழுதியதைப் படித்தார். எந்தப் பக்கத்தில் தன் வேலை வந்து சேருகிறது என்று காட்டினார். செய்ததை மேசைமேல் வைத்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். பகா எண்கள் பற்றி அவர் சொன்னதில் பிழை இருந்தது பின்னர் தெரிந்தது. ஹார்டி அதற்காக அவரை விட்டுவிடவில்லை. அந்தத் தாள்களில் ஒரு மனம் வேலை செய்வது அவருக்குத் தெரிந்தது.

உங்கள் மின்னஞ்சலும் அப்படி இருக்கட்டும். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கி இருபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், இருபது பேரும் அதைப் பார்த்த உடனே கண்டுகொள்வார்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்கள் திட்டப்பணி பற்றி நான்கு வரி, உங்கள் தகுதி ஒரு வரி, இணைப்பில் தன்விவரக் குறிப்பு. கைப்பேசித் திரை ஒன்றில் அடங்க வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை. பணம் கட்டிய மூன்றாம் நாள் வெளியான கட்டுரைகளைப் பட்டியலிடாதீர்கள். அத்தகைய இதழ்களின் பெயர்கள் குழுவில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டுரையே இல்லாதது முதுகலை மாணவருக்குக் குறையே இல்லை.

தயாரிப்பு: மூன்று வேலைகள்

ஒன்று, உங்கள் திட்டப்பணியை மீண்டும் உங்களுடையதாக்குங்கள். பல துறைகளில் முதுகலைத் திட்டப்பணி கடைசிப் பருவத்தின் அவசரத்தில் முடிகிறது. சீனியர் காட்டிய வழி, வெளியே கொடுத்து எடுத்த அளவீடு, பழைய அறிக்கையின் வாக்கியங்கள் என்று பல கை பட்டிருக்கும். அதை மறைக்க முடியாது. ஆனால் இப்போதாவது புரிந்துகொள்ள முடியும். அறிக்கையை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் "ஏன்?" என்று எழுதுங்கள். ஏன் இந்த வெப்பநிலை? ஏன் 120 பேர்? ஏன் இந்தப் பதிப்பு? வெளியே எடுத்த அளவீடு என்றால் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையாவது படியுங்கள். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் கிடைப்பது படிகத்துணுக்கின் அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியும் துகள் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒரு துகளுக்குள் பல படிகத்துணுக்குகள் இருக்கக்கூடும். இரண்டையும் ஒன்றென்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள்.

இரண்டு, இரண்டே இரண்டு அடிப்படைப் பாடங்களை ஆழமாகப் படியுங்கள். "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்று பெரும்பாலான குழுக்கள் கேட்கும். அது நலம் விசாரிக்கும் கேள்வியில்லை. நீங்கள் சொல்லும் பாடத்திலிருந்தே அடுத்த பத்து நிமிடமும் வரும். எட்டுத் தாள்களையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, இரண்டின் வரையறைகளையும் நிறுவல்களையும் எடுத்துக்காட்டுகளையும் கையால் எழுதிப் பழகுவது மேல். கணிதம் என்றால் ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று, பொருந்தாத எடுத்துக்காட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும். தொடர்ச்சியான சார்பு எல்லாம் சீரான தொடர்ச்சி உடையதா என்று கேட்டால், x-இன் வர்க்கத்தை மெய்யெண் கோடு முழுவதிலும் எடுத்து, "இல்லை" என்று காட்டத் தெரிய வேண்டும். உடனே அடுத்தது வரும்: "அதையே 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில் எடுத்தால்?" அங்கே சீரான தொடர்ச்சி உண்டு. ஏன் என்பதுதான் மூன்றாவது கேள்வி.

மூன்று, ஆய்வு முன்வரைவு. கேட்டால் கொடுக்க இரண்டு மூன்று பக்கம் தயாராக இருக்கட்டும். தலைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆபத்து. "சங்க இலக்கியத்தில் பெண்கள்" என்பது தலைப்பு ஆகாது. அது ஒரு நூலக அலமாரி. குறுந்தொகையில் தோழி கூற்றாக வரும் பாடல்கள் என்று சுருக்கினால் வேலை தொடங்கும். தொடங்கியதும் குழு கேட்கும்: "தோழி கூற்று என்பது பாடலுக்குள் இருக்கிறதா, பாடலோடு வரும் குறிப்பில் இருக்கிறதா? அந்தக் குறிப்பை எழுதியது யார்? குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் இது தலைவி பேசுவதாகவும் இருக்க முடியுமா?" 1937-இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பையும் பிற்காலப் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டு மகிழ்வார்.

சமூக அறிவியலிலும் இதே கதை. மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்ததால் வருமானம் உயர்ந்ததா என்று ஆராயப் போகிறேன், குழு உறுப்பினர்கள் 120 பேரிடம் வினாப்பட்டியல் கொடுப்பேன் என்று முன்வரைவு சொல்கிறது. "குழுவில் சேர்ந்து, கடன் கட்ட முடியாமல் விலகிப்போன பெண்ணை எங்கே சந்திப்பீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். நிலைத்து நின்றவர்களை மட்டும் கேட்டால் திட்டம் நன்றாகத்தான் தெரியும். விலகியவர்களின் பெயர் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும், அங்கிருந்து தேடுவேன் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் களத்துக்குப் போய்வந்தவர் என்பது தெரிந்துவிடும்.

தலைப்பை முடிவு செய்யுமுன் இன்ஃபிளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். அதே தலைப்பில் ஏற்கெனவே ஆய்வேடு இருந்தால் பயப்பட வேண்டாம்; அதன் கடைசி இயலைப் படித்து, எழுதியவர் விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியிடம் கேட்டு எழுதி வாங்கிய முன்வரைவைக் கொண்டு போகாதீர்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. "இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்?" என்று ஒரு விரல் வைத்தால் போதும்.

அறைக்குள்

நான்கு முதல் ஆறு பேர் இருப்பார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கம்மா" என்று தொடங்கும். பிறந்த ஊர், பள்ளி, பொழுதுபோக்கு எல்லாம் தன்விவரக் குறிப்பில் உள்ளன. இரண்டு நிமிடத்தில் திட்டப்பணிக்கு வந்துவிடுங்கள். அதுதான் உங்கள் நிலம். கேள்விகளை அங்கே அழைத்துவருவது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு நல்ல உரையாடல் எப்படிப் போகும் என்பதற்கு மாதிரி ஒன்று தருகிறேன். நம் கல்லூரிகளில் மிகவும் வழக்கமான திட்டப்பணி: வேப்பிலைச் சாற்றால் வெள்ளி நானோ துகள் தயாரித்து, பாக்டீரியாவுக்கு எதிராகச் சோதிப்பது.

"வெள்ளித் துகள் உருவாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கரைசல் பழுப்பு நிறமா மாறுச்சு சார். யூ.வி. ஸ்பெக்ட்ரத்துல 430 நானோமீட்டர் பக்கத்துல பீக் வந்தது."

"வேப்பிலைச் சாறே பழுப்பாத்தானே இருக்கும்?"

"ஆமா சார். அதனால சாறை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்துல பீக் இல்ல."

"நல்லது. பாக்டீரியா வளராம நின்னதுக்கு வெள்ளித் துகள்தான் காரணமா? துகளா மாறாம மிச்சமிருந்த வெள்ளி அயனியா இருக்கக் கூடாதா?"

(சற்று நேரம் மௌனம்.)

"அதை நான் பிரிச்சுப் பார்க்கல மேடம். இப்ப யோசிச்சா, சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டுத் துகளைக் கீழே இறக்கிட்டு, மேலே நிக்கிற தண்ணியை மட்டும் தனியா வச்சுப் பார்த்திருக்கணும். அதுலயும் வளர்ச்சி நின்னா, அயனிக்கும் பங்கு இருக்குன்னு சொல்லலாம்."

கடைசி விடையைப் பாருங்கள். அதில் மூன்று படிகள் உள்ளன. செய்யவில்லை என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஒன்றை, அதாவது துகள் கனமானது, சுழற்றினால் கீழே இறங்கும் என்பதை, பிடித்துக்கொண்டார். அங்கிருந்து கண்டுபிடிக்கும் வழி ஒன்றைச் சொன்னார். வெறும் "தெரியாது சார்" கதவைச் சாத்திவிடும். தெரியாததைத் தெரிந்ததுபோல் அளப்பது அதைவிட மோசம். மேசையில் இருப்பவர்களில் ஒருவராவது அந்தத் துறையிலேயே முப்பது ஆண்டு கழித்தவராக இருப்பார். தெரியாது என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல், தெரிந்துகொள்ளும் வழியையும் சொல்பவருக்கு இடம் உண்டு.

அந்த மௌனத்தையும் கவனியுங்கள். கேள்வி முடிந்த நொடியே பதில் வர வேண்டியதில்லை. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று கேட்டு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். கரும்பலகை இருந்தால் எழுந்து போய்ப் படம் வரையுங்கள், சமன்பாட்டை எழுதுங்கள், உரக்க யோசியுங்கள். நீங்கள் மனதுக்குள் யோசித்தால் குழுவுக்கு எதுவும் தெரியாது. தவறான திசையில் போனால் அவர்களே ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். குறிப்பை வாங்கிக்கொண்டு திரும்பத் தெரிகிறதா என்பதும் மதிப்பீட்டில் ஒரு பகுதி. குறிப்புக் கொடுத்த பிறகும் பழைய விடையையே அழுத்திச் சொல்பவரோடு ஐந்தாண்டு வேலை செய்ய யாருக்கும் விருப்பம் இருக்காது.

இணையவழி நேர்காணல் என்றால் தடித்த பேனாவும் வெள்ளைத் தாள்களும் பக்கத்தில் வையுங்கள். கரும்பலகைக்குப் பதில் அதுதான். முதல்நாளே நண்பர் ஒருவரை அழைத்து, தாளைக் கேமரா முன் காட்டி எழுத்து தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் என்னும் பயம்

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாடம் தெரிந்தும் வாக்கியம் வராமல் நிற்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் "தமிழில் விளக்கலாமா சார்?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலான குழுக்கள் சம்மதிக்கும். வெளி மாநில நிறுவனங்களில் அந்த வசதி கிடைக்காமல் போகலாம். அதற்குச் சிறு வாக்கியங்கள் போதும். "நான் இதைச் செய்தேன். இது கிடைத்தது. காரணம் இதுவாக இருக்கலாம்." இந்த அளவுக்கு ஆங்கிலத்தில் உங்கள் திட்டப்பணியை ஒரு மாதம் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் செய்த நீண்ட ஆங்கிலப் பத்தி முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துவிடும். சிறு வாக்கியம் உடையாது.

சங்கடமான கேள்விகள்

"கல்யாணம் ஆனா பாதியில விட்டுட்டுப் போயிடுவீங்களே?" என்ற கேள்வி பெண்களை நோக்கி இன்றும் வருகிறது. வரக் கூடாத கேள்வி. வந்தால் தலைகுனிய வேண்டாம், சண்டையும் வேண்டாம். "முடிக்கிற எண்ணத்தோடதான் சார் வந்திருக்கேன். முதல் ஆண்டுல என்ன செய்யப்போறேன்னு சொல்லட்டுமா?" என்று பேச்சை ஆய்வுக்கே திருப்புங்கள். விதிமுறை உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. மறுபதிவு வழியாக எட்டாண்டு வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை பெறலாம்.

"நடுவில் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்பது இன்னொன்று. வீட்டில் உடல்நலக் குறைவு, தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை, அரசுத் தேர்வுக்குப் படித்தது, எதுவாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். உழைத்த ஆண்டுகளை மறைக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் பாடத்தோடு இருந்த சிறு தொடர்பு ஒன்றையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

"எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்துவிடாதீர்கள். பாடப்பணி எத்தனை மாதம், தேவையான கருவி துறையிலேயே இருக்கிறதா, களப்பணிக்குப் பயணச் செலவு கிடைக்குமா என்று கேட்கலாம்.

உதவித்தொகைக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், மூத்த ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இவை எதுவும் கிடைக்காத ஆய்வாளர்களும் நம் பல்கலைக்கழகங்களில் நிறைய இருக்கிறார்கள். சேருமுன் உங்களுக்கு எது கிடைக்கும், எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்று தெளிவாகக் கேளுங்கள். வீட்டை எதிர்பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நெறியாளரைப் பற்றி மட்டும் குழுவிடம் கேட்க முடியாது. நேர்காணல் முடிந்ததும் அந்த ஆய்வகத்தில் இருக்கும் ஆய்வாளர்களோடு ஒரு டீ குடியுங்கள். முன்னே போனவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, நெறியாளர் வாரம் ஒருமுறையாவது பேச நேரம் ஒதுக்குகிறாரா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள், சொல்லத் தயங்குவதையும் கவனியுங்கள்.

கோப்பு

நல்ல நேர்காணலைக் கொடுத்துவிட்டு ஒரு தாளால் இடம் இழந்தவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்று அல்லது தற்காலிகச் சான்று, நெட் அல்லது கேட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்றிதழ், திட்ட அறிக்கையின் ஒரு படி ஆகியவற்றை அசலும் நகலுமாக வரிசைப்படுத்தி வையுங்கள். பகுதிநேரமாகச் சேருபவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

நம் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது: மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்திய நிறுவனங்களில் ஏற்கமாட்டார்கள். அங்கே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு, அறிவிப்பில் கேட்கும் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கைக்கு வர நாள் ஆகலாம். அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பிக்கும்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

பெயர் வராவிட்டால்

ஓர் இடத்தில் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பேருந்திலோ ரயிலிலோ உட்கார்ந்து, கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் வரிசையாக எழுதுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் விடை தேடி எழுதுங்கள். கேள்விகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், உங்கள் திட்டப்பணியில் பலவீனமான இடம் மாறாது. அடுத்த குழுவும் அங்கேதான் வந்து நிற்கும். முதல் நேர்காணலுக்குப் பிறகு நான் அந்த நிறை இழப்பு வரைபடத்தை எடுத்து வைத்து அளவுகோலால் கோடு போட்டுப் படித்தேன். நான்கு மாதம் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மேசையில், அதே கேள்வி சற்றே மாறி வந்தது: "இதை 800-ல வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" எழுந்துபோய்ப் பலகையில் அந்தக் கோட்டை வரைந்தேன்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி

1. திட்ட அறிக்கையில் பத்துப் பக்கத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று "ஏன்?" குறியுங்கள்.

2. விடை தெரிந்தவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவைதான் இந்த மாதப் பாடம்.

3. சேர விரும்பும் நெறியாளரின் கட்டுரை ஒன்றைப் படித்து, உங்கள் வேலை வந்து சேரும் பக்க எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ராமானுஜனுக்கு அது 36.

4. வேறு துறையில் படிக்கும் நண்பர் ஒருவரை அழைத்து, காலியான வகுப்பறையில் கரும்பலகை முன் நின்று இருபது நிமிடம் உங்கள் திட்டப்பணியை விளக்குங்கள். அவர் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "ஏன்?" நீங்கள் தடுமாறும் இடத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்கட்டும்.

5. அடுத்த வாரம் அதையே மீண்டும் செய்யுங்கள். தடுமாறும் இடம் எத்தனை நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள்.